மீசையில்லாத பேனர்

அந்த ஆளைத்தானே அழிக்கப் பாக்குற, உனக்குப் பின்னாடி தண்ணி பாட்டிலோட நிக்கிறாரே, அவரை? அப்படி ஒரே இழுப்பா இழுக்காத தாயி. அவரு போவாரு, கூடவே உன் காதும் போயிரும். ரெண்டு விரலை வச்சுப் படத்தைப் பெரிசாக்கு. இன்னும். உன் காதும் அவரு சட்டையும் தனித்தனியாத் தெரியுற வரைக்கும் பெரிசாக்கு. ம், இப்ப ஓரத்துல இருந்து தொட்டுத் தொட்டு வா. அவ்வளவுதான். பாத்தியா, போயிட்டாரு.

தப்பா நினைச்சுக்காத. அடுத்தவங்க போனை எட்டிப் பாக்குற பழக்கம் எனக்குக் கிடையாது. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்திருக்கோம், கண்ணு போயிருச்சு. காப்பி எடுத்து வச்சுட்டுத்தானே பண்ற? நல்லது. மூலப் படத்துல கை வைக்கவே கூடாது. கத்துக்கிட்ட புதுசுல எனக்கு அது தெரியாம ஒரு நல்ல படத்தைச் சிதைச்சுட்டேன்.

என்ன சிரிக்கிற? இந்த அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா? சிரி, சிரி. என் தம்பி கொம்பையாவும் அப்படித்தான் சிரிச்சான். இப்ப சிரிக்கிறதில்ல.

நீ மதுரைக்கா? நான் திருமங்கலத்துல இறங்கிருவேன். இன்னும் சாத்தூரே வரல. சொல்றேன் கேளு. அந்தக் காதுல மாட்டியிருக்கிறதை ஒரு பக்கம் மட்டும் கழட்டிக்கோ, போதும்.

என் பேரு ஆவுடைத்தங்கம். கோவில்பட்டி. சத்துணவு அமைப்பாளரா இருந்து ஓய்வு வாங்கிட்டேன். வீட்டுக்காரர் போனப்ப என் மகன் பிரபாகர் மடியில கிடந்தான். எனக்கு ரெண்டு தம்பிக. மூத்தவன் கொம்பையா, பெயிண்டுக் கடை வச்சிருக்கான். சின்னவன் சுடலைமணி. அவனுக டவுசர் போட்டுக்கிட்டுத் திரிஞ்ச காலத்துலயே எங்க அம்மா போயிட்டா. சோறு போட்டது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துட்டுப் போனது, பொண்ணு பாத்துக் கட்டி வச்சது எல்லாம் நான். சொல்லிக் காட்டுறேன்னு நினைக்காத. சொல்லிக் காட்டத்தான் செய்றேன். நான் சொல்லலேன்னா வேற யாரு சொல்லப் போறா?

போன தை மாசம் கொம்பையாவோட மகன் வழிப் பேரனுக்குக் காதுகுத்து. மண்டப வாசல்ல பெரிய பேனர். நான் ஆட்டோவுல போய் இறங்குறேன், அண்ணாந்து பாக்குறேன். பூரா மீசை. கூலிங் கிளாஸ் போட்ட மீசை, கை கட்டுன மீசை, போன்ல பேசுற மாதிரி போஸ் குடுக்கிற மீசை. கொம்பையா நடுவுல, சுடலைமணி பக்கத்துல. என் மகன் பிரபாகர்கூட ஒரு ஓரத்துல இருக்கான். கடையில பெயிண்டு கலக்குற பையன் இருக்கான். ஒருத்தன் நாய்க்குட்டியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் படம் எடுத்திருக்கான். அந்த நாய்க்குட்டியும் ரோட்டைப் பாத்து நாக்கை நீட்டிக்கிட்டு இருக்கு. மேல ரெண்டு வட்டத்துக்குள்ள செத்துப்போன எங்க அப்பாவும் தாத்தாவும். செத்தவங்களுக்கு இடம் இருக்கு, நாய்க்கு இடம் இருக்கு. எனக்கு இல்ல. எனக்குன்னு இல்ல, ஒரு பொம்பளைக்கும் இல்ல. பிள்ளையைப் பெத்தவளே அதுல இல்ல தாயி. பிள்ளை தானா வந்து பிறந்துருச்சுன்னு நினைச்சுட்டாங்க போல.

கேட்டேன். கேக்காம இருப்பேனா. "ஏண்டா கொம்பையா, என் படம் எங்க?"

சிரிச்சான். "பொம்பளைப் படத்தை ரோட்டுல போடுவாங்களாக்கா? கண்டவன் கண்ணும் படும்."

"எங்க அப்பா படத்து மேல பட்டா பரவாயில்லையா?"

"நீ வேற. நல்ல காரியம் நடக்குது..." அப்படின்னு இழுத்தான். அந்த 'நல்ல காரியம்'ங்கிற வார்த்தையோட நிறுத்திக்கிட்டான். மிச்சம் எனக்குத் தெரியும். தாலியறுத்தவ நான். மண்டபத்துல எந்த வரிசையில உக்காரணும்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல. அன்னைக்கும் பின்வரிசையிலதான் உக்காந்தேன். சாப்பிட்டேன். பாயசம் நல்லா இருந்துச்சு. ஆனா ஒண்ணு நினைச்சுக்கிட்டேன். இந்தப் பேனரைப் போட்டவன் ஒண்ணும் மேல இருந்து குதிச்சவன் இல்ல. அவனும் எங்கயோ உக்காந்து கத்துக்கிட்டவன்தானே. தினமும் எத்தனை பிள்ளைக சாப்பிட்டுச்சுன்னு சர்க்காருக்கு போன்ல அனுப்பினவ நான். எனக்கு வராதா?

வந்துச்சு. லேசுல வரல.

முதல்ல போன்லதான். படம் திருத்துற ஆப் ஒண்ணை இறக்கினேன். அதுல வெட்டுறதுக்கு ஒண்ணு, வெளிச்சத்துக்கு ஒண்ணு, நிறத்துக்கு ஒண்ணு. வெளிச்சத்தைக் கூட்டுனா நல்லா இருக்கும்னு நினைச்சு ஒரேயடியாக் கூட்டிட்டேன். எல்லாரும் சுண்ணாம்புல விழுந்து எந்திரிச்ச மாதிரி ஆயிட்டாங்க. அப்புறம் புரிஞ்சுச்சு. உப்பு மாதிரிதான் அது. கொஞ்சமாப் போட்டுப் பாத்து, வேணும்னா இன்னும் கொஞ்சம். ஆனா உப்பு கூடிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. இதுல பின்னால போயிரலாம். அந்த வளைஞ்ச அம்புக்குறி இருக்குல்ல, அதைத் தொட்டுத் தொட்டுப் பின்னால போகலாம். எனக்கு அந்த அம்புக்குறியை ரொம்பப் பிடிக்கும்.

பின்னணியை எடுக்கிறதுன்னு ஒண்ணு இருக்கே, ஒரு தொடுதல்ல ஆளை மட்டும் தனியா எடுத்துக் குடுக்குமே, அதுலதான் எனக்கு முதல் கோவம் வந்துச்சு. ஆம்பளைப் படத்தைக் குடுத்தா சட்டை, பேண்ட்டுன்னு சுத்தமா எடுத்துக் குடுக்குது. பொம்பளைப் படத்தைக் குடுத்தா முந்தானையை வெட்டிருது. தலையில வச்ச பூவை வெட்டிருது. அந்த மிஷினுக்கு எது நாம, எது சுவருன்னு தெரியல. முந்தானையைத் திரும்பக் கொண்டாரதுக்கு நான் பட்ட பாடு இருக்கே.

படம் கிடைக்கிறது அதைவிடப் பெரிய பாடு. நீ இந்தக் காலத்துப் பிள்ளை, தனியா நின்னு நூறு படம் எடுத்திருப்ப. எங்க வீட்டுப் பொம்பளைகளுக்குத் தனிப் படமே கிடையாது தாயி. வீடு வீடாப் போய்ப் பழைய ஆல்பத்தை எல்லாம் எடுத்துப் பாத்தேன். எல்லாரும் இருக்காங்க, ஆனா முழுசா இல்ல. ஒருத்தி அவ புருஷன் தோளுக்குப் பின்னால பாதி மூஞ்சி. ஒருத்தி பிள்ளையைத் தூக்கிட்டுக் குனிஞ்சு நிக்கிறா. ஒருத்தி பரிமாறிக்கிட்டு இருக்கா, வாளிதான் முன்னால நிக்குது. கொம்பையா பொண்டாட்டி செண்பகம் இருக்காளே, அவ கல்யாணப் படத்துலயே கொம்பையாவோட மாலை அவ கன்னத்துல பாதியை மறைச்சிருக்கு.

இந்தா, சாத்தூரு வந்துருச்சு. வெள்ளரிக்கா வாங்குவோமா? வேண்டாமா? சரி.

போன்ல ஒரு தடவை எல்லாத்தையும் சேத்து ஒட்டிப் பாத்தேன். போன்ல பாக்க மகாலட்சுமி மாதிரி இருந்துச்சு. பேனர் அடிக்கிற கடையில போய்க் காட்டுனா, அந்தத் தம்பி கம்ப்யூட்டர்ல பெரிசாக்கிக் காட்டுறான், எல்லாரு மூஞ்சியும் பூசணம் பிடிச்ச இட்லி மாதிரி. "அம்மா, போன் அளவுக்கு இது சரி, பேனர் அளவுக்குத் தாங்காது. கம்ப்யூட்டர்ல பெரிய சைஸ்ல பண்ணிட்டு வாங்க" அப்படின்னான். அதோட இன்னொண்ணும் கேட்டான். "பூராப் பொம்பளையா இருக்கே, மேல ஓரத்துல யாராவது ஒரு தலைவரு படம் வைக்கட்டா? அப்பத்தான் பேனர் மாதிரி இருக்கும்." வேண்டாம்னேன். "அப்ப ஒரு சிங்கமாவது?" அதுவும் வேண்டாம்னுட்டேன்.

அப்புறம்தான் பெனிட்டாகிட்டப் போய்ச் சேந்தேன். எங்க தெரு முனையில மாடியில கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கு அந்தப் பிள்ளை. எனக்கு மவுஸைப் பிடிக்கவே வரல. கரண்டியைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடிச்சேன். "ஆன்ட்டி, அது ஓடிப் போயிராது" அப்படின்னு சொல்லும். லேயருன்னா என்னன்னு ஒரு வாரமாப் புரியல. அப்புறம் கண்ணாடித் தாளுக மேல ஒவ்வொருத்தரா வரைஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குற மாதிரின்னு சொன்னுச்சு. அடியில சிவப்புத் துணி, அதுக்கு மேல மாரித்தாய், அதுக்கு மேல செண்பகம். செண்பகத்தை நகத்துனா மாரித்தாய் நகர மாட்டா. நிசத்துல அப்படி இல்ல. நிசத்துல அவளுக ரெண்டு பேரும் ஒருத்தியைப் பாத்து ஒருத்தி நகருவாளுக. மாரித்தாய்ங்கிறது சின்னத் தம்பி பொண்டாட்டி.

செண்பகம் கன்னத்தை என்ன பண்ணுனேன்னு கேளு. தெரியுற பாதியைக் காப்பி எடுத்து, கண்ணாடியில பாக்குற மாதிரித் திருப்பி, மறைஞ்ச பாதியில ஒட்டினேன். அச்சா உக்காந்துருச்சு. பெனிட்டா எந்திரிச்சு வந்து பாத்துட்டு, "ஆன்ட்டி, ரெண்டு பக்கமும் மச்சம் இருக்கே" அப்படின்னு சொல்லுது. ஆமா, மச்சமும் சேந்து வந்துருச்சு. ஒரு பக்கத்து மச்சத்தை எடுத்தேன். எந்தப் பக்கம் எடுக்கணும்னு செண்பகத்துக்கே போன் போட்டுக் கேட்டேன். "இருங்க மதினி, கண்ணாடி பாத்துட்டு வந்து சொல்றேன்"னா.

இப்படி ஆனி, ஆடி ரெண்டு மாசமும் அதே சோலி. ஊருல பேச ஆரம்பிச்சுட்டாங்க. தங்கத்துக்கு வயசான காலத்துல கிறுக்கு, பேரப்பிள்ளை இல்லாததால கம்ப்யூட்டரைக் கொஞ்சுதுன்னு. கொம்பையா காதுக்குப் போயிருக்கு. "என்னக்கா, சினிமா எடுக்கப் போறியாமே"ன்னு கேட்டான். "ஆமா, நீதான் வில்லன்"னு சொன்னேன்.

ஆவணியில அவன் மகள் சுகந்திக்கு வளைகாப்பு. நீயே சொல்லு, வளைகாப்புங்கிறது யாரு காரியம்? சுமக்கிறது பொம்பளை, வளையல் போட்டு விடுறது பொம்பளைக, சோறு கிண்டுறது பொம்பளைக. அதுக்கும் கொம்பையா மீசைப் பேனருக்கு ஏற்பாடு பண்றான். நான் சுகந்திகிட்ட மட்டும் சொன்னேன். அவ, "போடுங்கத்தை. அப்பாகிட்ட நான் வாயைத் திறக்க மாட்டேன்"னுட்டா.

அப்ப என் படம் வேணுமே. எங்கிட்டயும் தனிப் படம் கிடையாது, வேலை பாத்த அடையாள அட்டையில இருக்கிறதைத் தவிர. அதுல நான் களவாண்டு பிடிபட்டவ மாதிரி இருப்பேன். கடைசியில பொங்கலுக்குச் சுடலைமணி வீட்டு மாடியில எடுத்த படம் ஒண்ணு கிடைச்சுச்சு. பொம்பளைக வரிசையா நிக்கிறோம், மத்தவளுக எல்லாம் அங்கிட்டும் இங்கிட்டும் திரும்பிக்கிட்டு இருக்காளுக. வெளிச்சம் முகத்துல நேரா விழுது. நான் சிரிச்சுக்கிட்டு இருக்கேன். நல்ல படம். அதுல ஒண்ணே ஒண்ணுதான் இடைஞ்சல். என் மருமக பக்கத்துல நிக்கிறா, என் தோள் மேல கையைப் போட்டுக்கிட்டு.

இலக்கியா அவ பேரு. திருமங்கலத்துப் பிள்ளை. ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ற வேலை. பிரபாகர் தானாப் பாத்துக் கட்டிக்கிட்டான். எங்க ஆளுக இல்ல. நான் அதுக்கு ஒண்ணும் சொல்லல. ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போனேன், மாலை எடுத்துக் குடுத்தேன். எனக்கு அவ மேல ஒரு வருத்தமும் கிடையாது. ஆனா பேனருன்னு வரும்போது நாலையும் பாக்கணும்ல. கொம்பையா சும்மாவே குதிப்பான். அதுல அவளையும் கொண்டுபோய் நடுவுல நிறுத்துனா, வந்தவங்க யாரு எவருன்னு கேப்பாங்க. நல்ல காரியம் நடக்கிற இடத்துல எதுக்கு வம்பு? அதான் எடுத்துட்டேன்.

ஆள் ஈஸியாப் போயிட்டா. கைதான் போகல. விரல் அஞ்சும் என் தோள்ல நல்லாப் பதிஞ்சு கிடந்துச்சு. ஒவ்வொரு விரலா எடுக்கணும். விரலுக்கு அடியில சேலை எப்படி இருக்கும்னு படத்துக்குத் தெரியாதுல்ல, அதனால பக்கத்துல இருந்து சேலைக்கரையைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து மேல ஒட்டணும். நாளு பூரா ஆச்சு. பெனிட்டா பாத்துக்கிட்டே இருந்துட்டு, "இவங்க யாரு ஆன்ட்டி?"ன்னு கேட்டுச்சு. "பக்கத்துல நின்னவ"ன்னேன். அவ்வளவு சுத்தமா எடுத்தேன், இப்பப் பாத்தா ஒரு கை இருந்த தடமே தெரியாது. வேணா காட்டுறேன் பாரு. தெரியுதா? சொல்லு, தெரியுதா? அதான் கைத்திறமை.

மத்தபடி நான் ஒருத்தர் நிறத்தையும் மாத்தல. உள்ளது உள்ளபடிதான். கறுப்பா இருந்தா கறுப்பு. வெள்ளையாக்கிக் குடுங்கன்னு மாரித்தாய் கெஞ்சுனா, முடியாதுன்னுட்டேன். என் தலையை மட்டும் கொஞ்சம் கறுப்பாக்கிக்கிட்டேன். அது வெளிச்சம் பட்டு ரொம்ப வெளுத்துத் தெரிஞ்சுச்சு, அதனால.

அப்புறம் பொட்டு.

அதைச் சொல்லணும். அது யாரு கேட்டும் வைக்கல, நானா வச்சேன். கம்ப்யூட்டர்ல ஒரு சொட்டுக் குழாய் மாதிரி இருக்கும், எந்த நிறத்தைத் தொடுறோமோ அந்த நிறத்தை உறிஞ்சிக்கிடும். சுகந்தி நெத்தியில தொட்டேன். அதே சிவப்பு வந்துச்சு. என் நெத்தியில ஒரு வட்டம் வச்சேன். வச்சுட்டு எந்திரிச்சுப் போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்து பாத்தேன். அழிச்சேன். அப்புறம் மறுபடி வச்சேன். கொஞ்சம் பெரிசாவே வச்சேன்.

வளைகாப்பு அன்னைக்குக் காலையிலயே பேனர்காரத் தம்பியைக் கூட்டிட்டுப் போய், மீசைப் பேனருக்கு நேரா எதிர்ல கட்டச் சொல்லிட்டேன். அதே உயரம், அதே அகலம். 'பெத்தவளும் வளத்தவளும் பக்கத்துல இருக்கோம், தைரியமா இரு மகளே'ன்னு எழுத்து. கீழ சுகந்தி, சுத்தி நாங்க. ஒரு மீசை கிடையாது.

கொம்பையா கார்ல இருந்து இறங்குனவன் அப்படியே நின்னுட்டான்.

"என்னக்கா இது?"

"தமிழ்லதான் எழுதியிருக்கு. படி."

"பொட்டு வச்சிருக்க."

"ஆமா."

"அத்தானுக்கு..."

"உங்க அத்தான் படத்துல இல்ல. நான் இருக்கேன். அது என் நெத்திடா."

மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. பக்கத்துல நின்ன பையன்கிட்ட, "ஏணியை எடுத்துட்டு வா, அதை இறக்கு"ன்னான். நான் பேனருக்கு அடியில போய் நின்னுக்கிட்டேன். நகரல. அந்தப் பையன் ஏணியைச் சாத்திட்டான் தாயி. ஒரு கால் மேல வச்சுட்டான்.

அப்ப உள்ள இருந்து செண்பகம் வந்தா. கையெல்லாம் புளிச்சாதம். முப்பது வருஷமா அவ கொம்பையா சொல்லுக்கு மறுசொல் சொல்லி நான் பாத்தது இல்ல. பேனரை அண்ணாந்து பாத்தா. அவ முகத்தை அவளே முழுசாப் பாக்குறா. அப்புறம் அந்தப் பையனைப் பாத்து, "இறங்குப்பா"ன்னா. சத்தமே இல்லாமத்தான் சொன்னா. கொம்பையா ஏதோ சொல்ல வாயெடுத்தான். "எம் படம் இருக்கு அதுல. இறக்கணும்னா அதையும் இறக்கிட்டு, பந்திக்கு ஆளு பாத்துக்கோங்க. நான் கைகழுவிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்"னா. பையன் இறங்கிட்டான். சோத்து விசயம்ல.

அதுக்குள்ள சம்பந்தகாரங்க வேன் வந்துருச்சு. மாப்பிள்ளையோட அம்மா இறங்குறாங்க, பாக்குறாங்க. அந்தம்மா கொம்பையாகிட்டப் போய், "நல்லா இருக்கே சம்பந்தி. எங்க பக்கம் இப்படி யாருக்கும் தோணல"ன்னு சொல்றாங்க. கொம்பையா என்ன சொன்னான் தெரியுமா? "எங்க அக்காதான். நம்ம வீட்டுல எல்லாமே அவங்க ஏற்பாடு"ன்னான். எப்படி இருக்கு கதை. ஏணி இன்னும் சாத்தியபடியே நிக்குது.

அப்புறம் என்ன, பொம்பளைக எல்லாம் வரிசையா நின்னு படம் எடுத்துக்கிட்டாளுக, அவ அவ முகத்துக்குக் கீழ. மீசைப் பேனர் பக்கம் ஒரு ஈ காக்கா இல்ல. உள்ள வளையல் போடுற நேரத்துல நான் பின்வரிசையில உக்காந்திருக்கேன். சுகந்தி நாற்காலியில இருந்து கையை நீட்டிக்கிட்டு, "அத்தை போடட்டும்"னா. செண்பகம்தான் தட்டைத் தூக்கிட்டு என்கிட்ட வந்தா. போனேன், போட்டேன். பச்சை வளையல். ஒண்ணுகூட உடையல. இதுக்கு மேல எனக்கு என்ன வேணும் சொல்லு.

இலக்கியா லேட்டாத்தான் வந்தா, வேலையை முடிச்சுட்டு. நான் வாசல்ல வெத்தலைத் தட்டுகிட்ட நின்னேன். பேனருக்கு முன்னால ரொம்ப நேரம் நின்னா அவ. ஒவ்வொரு முகமாப் பாத்துக்கிட்டே வந்தா. என் முகத்துகிட்ட வந்ததும் நின்னுட்டா. என் தோளையே பாத்துக்கிட்டு இருந்தா. என்னத்தத் தேடுனாளோ தெரியல. நான் போய், "எப்படி இருக்கு? அத்தனையும் நானே பண்ணுனேன்"னேன். "ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க அத்தை"ன்னா. பாத்தியா, அவளுக்கே பிடிச்சிருந்துச்சு. சாப்பிட்டா, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டா. பிரபாகர்தான் அப்புறமா போன்ல, "ஏம்மா, அவ ரெண்டு நாளா யாரோடவும் பேசலம்மா"ன்னான். ஏன்னு தெரியல. நின்னுக்கிட்டே பாக்குற வேலை அது, அலுப்பா இருந்திருக்கும்.

நான் ஒரு தப்பும் பண்ணல தாயி. ஒருத்தரையும் ஒரு வார்த்தை சொல்லல.

இப்ப நான் எங்க போறேன்னா, அவகிட்டதான் போறேன். இலக்கியா தனியா லேப் ஆரம்பிக்கிறா, திருமங்கலத்துல. சொந்தமா. இன்னைக்குத் திறப்பு விழா. கெட்டிக்காரப் பிள்ளைதான், நான் இல்லேன்னு சொல்லல. விழான்னா பேனர் இல்லாம இருக்குமா? அதை அவளே பண்றாளாம், லேப்டாப்புல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இத்தனை பேருக்குச் செய்யுறேன், சொந்த மாமியா, கேட்டிருக்கலாம்ல? சரி, சின்னப் பிள்ளை, கூச்சப்பட்டிருக்கும்னு நானே என் படத்தை அனுப்பி வச்சேன். வளைகாப்புப் பேனர்ல இருந்த அதே படம், இன்னும் கொஞ்சம் திருத்தி. சும்மா அனுப்பினா படம் சுருங்கிரும்னு டாக்குமெண்டா அனுப்பினேன். கீழ, 'தேவைப்பட்டால்'னு மட்டும் எழுதினேன்.

நீலக் கோடு விழுந்துருச்சு. பாத்துட்டா. பதில் வரல. இந்தா, இப்பக்கூட வரல. வேலையா இருப்பா. திறப்பு விழான்னா சும்மாவா.

போடலேன்னா போடல. எனக்கென்ன? என்னை விட்டுட்டு ஒருத்தன் பேனர் போட்டான், அவனுக்கு என்ன ஆச்சுன்னு இப்பத்தானே சொன்னேன். இவளுக்கும் அதேதான். எதிர்ல கட்ட எனக்கு இடமா இல்ல? ஆனா போட்டிருப்பா. போட்டிருப்பாள்ல? நீ ஒரு மருமகளா இருந்தா போட மாட்டியா? என்ன, ஜன்னலைப் பாக்குற?

ஆமா, திருமங்கலம் வந்துருச்சு. அவ லேப் இந்த மெயின் ரோட்டு மேலதான், பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாலயே. நான் பையை எடுத்துக்கிடுறேன். நீ ஜன்னலோரமா இருக்க, கொஞ்சம் பாரு தாயி. எனக்குத் தூரத்துல உள்ளது மங்கலாத்தான் தெரியும். நீலக் கலர்ல ஒண்ணு தெரியுதே, அதுவா? லேப்புன்னு போட்டிருக்கா? இலக்கியான்னு பேரு இருக்கா? அப்ப அதுதான்.

பாரு. அவசரப்படாத. சிக்னல் விழுந்துருச்சு, வண்டி நிக்கும். யாரு யாரு இருக்கா? வெள்ளைக் கோட்டுப் போட்டது அவதான். பக்கத்துல கண்ணாடி போட்டவன் பிரபாகர். மேல? மேல ரெண்டு பொம்பளையா? ஒருத்தி கொண்டை போட்டிருக்காளா, அது அவ அம்மா. இன்னொருத்தி?

முறத்தோடயா? முறம் வச்சுக்கிட்டு எதுக்கு... இரு, தள்ளு, வண்டி கிட்ட வந்துருச்சு, நான் பாக்குறேன்.

நான்தான்.

இது நான் அனுப்புன படம் இல்லையே. இது எப்ப எடுத்தா? அவங்க வீட்டு அடுக்களையில உக்காந்து அரிசி புடைச்சுக்கிட்டு இருக்கேன், எனக்கே தெரியாம எடுத்திருக்கா. தலை பூரா நரை அப்படியே தெரியுது. நைட்டி மேல துண்டு. கல்லு பொறுக்குறப்ப வாயைக் கோணிக்கிட்டு இருக்கேன் பாரு. ஒண்ணுமே தொடல அவ. வெளிச்சம்கூடக் கூட்டல. பின்னாடி கேஸ் சிலிண்டர் நிக்குது, அதையாவது எடுத்திருக்கலாம்ல? இப்படியா ஒரு பேனர்ல போடுறது? அவ அம்மாவும் நானும் ஒரே அளவு. ஒரே வரிசை.

எழுத்து என்ன எழுதியிருக்கு? 'எங்கள் அம்மாக்கள்'னு போட்டிருக்கா?

ம்.

இவளை உக்கார வச்சு முதல்ல இருந்து சொல்லிக் குடுக்கணும். அந்த ஆளை அழிச்சோமே, அது மாதிரி ரெண்டு விசயம் தெரிஞ்சாப் போதும், சிலிண்டரெல்லாம் இருக்கிற இடம் தெரியாமப் போயிரும். நான் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தா பிடிச்சுக்கிடுவா. கெட்டிக்காரி.

கண்டக்டரு தம்பி, இங்கயே இறங்கிக்கிடுறேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எல்லாம் வர முடியாது. ரூல்ஸு எனக்கும் தெரியும். வண்டி எப்படியும் நிக்குதுல, கதவைத் திறங்க. யாரா? எதுக்கு இங்க நிறுத்தணுமா?

அந்தா பாருங்க தம்பி, மேல, வலது பக்கம். முறம் வச்சிருக்கேன் பாருங்க. அது நான்தான். இறக்கி விடுங்க.